கூலிக்காரர் தெருவில் பிறந்த பள்ளி

சம்பா நடவு நேரம். குத்தாலத்தில் ஒரு கூட்டம் பேசிவிட்டு, இரவு அங்கேயே தங்கி, மறுநாள் காலை காவிரிக் கரையோரச் சிற்றூர் ஒன்றின் வழியே தோழர்களுடன் நடந்து வந்தோம். வயலிலே வரிசை வரிசையாகக் குனிந்து நாற்று நடுகிறார்கள் தாய்மார்கள். வரப்போரத்துப் பூவரச மரத்திலே பழம்புடவைத் தூளி. தூளியிலே ஒரு குழந்தை. தூளியை ஆட்டிக்கொண்டு எட்டு வயது மதிக்கத்தக்க ஒரு சிறுமி. அன்று பள்ளி நாள். அவள் வயதுப் பிள்ளைகள் வகுப்பிலே வாய்பாடு ஒப்பித்துக்கொண்டிருக்கும் வேளை!

ஒரு தூளி, இரண்டு பிள்ளைகளின் படிப்பைக் கட்டிப்போட்டிருந்தது தோழர்களே! உள்ளே கிடக்கும் பிள்ளைக்குப் படிப்பு இன்னும் தொடங்கவில்லை. வெளியே நிற்கும் பிள்ளைக்கோ, தொடங்கிய படிப்பு நின்றுவிட்டது.

மூன்று வயதுக் குழந்தைக்கு வாத்தியார் எதற்கு, வீட்டுக் கிழவி பார்த்துக்கொள்ள மாட்டாளா என்று கேட்போர் உண்டு. படித்தவர்களே கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு விடை சொல்லத் தன் வாழ்நாளையே கொடுத்தார் ஒரு பெருமாட்டி. இத்தாலி நாட்டிலே பிறந்தவர். ஆனால் நம்முடைய அடையாற்றிலும் கோடைக்கானல் மலையிலும் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்து, குழந்தைகளுக்கான ஆசிரியர்களைப் பயிற்றுவித்தவர். மரியா மாண்டிசோரி அம்மையார்.

பெயரைக் கேட்டதும் தோழர்கள் புன்னகை புரிவது நமக்குத் தெரிகிறது. நகரத்திலே நெடுமதில், பெருவாயில், வாயிலிலே காவலாளி, மேலே மாண்டிசோரி என்று பளபளக்கும் பலகை! கட்டணத்தைக் கேட்டால் கால் நடுங்கும். பெரிய இடத்துப் பிள்ளைகளுக்காகப் பெரிய இடத்து அம்மையார் ஒருவர் கண்டுபிடித்த ஏதோ ஒரு விளையாட்டு என்றுதான் நம்மவர் எண்ணியிருக்கின்றனர். அது முழுத் தவறு. அந்தப் பள்ளி பிறந்த இடம் மாளிகை அல்ல, கூலிக்காரர் தெரு.

1870 ஆகஸ்ட் 31-ஆம் நாள் இத்தாலியின் கியாரவல்லே என்ற ஊரிலே அரசு அலுவலர் ஒருவரின் மகளாகப் பிறந்தார் மரியா. பெண் படித்தால் ஆசிரியை ஆகலாம், அதற்கு மேல் ஆசைப்படலாகாது என்றிருந்த காலம் அது. அவரோ ஆண்பிள்ளைகள் பயிலும் தொழில்நுட்பப் பள்ளியிலே சேர்ந்தார். பிறகு மருத்துவம் படிக்க வேண்டும் என்றார். தகப்பனாருக்கு விருப்பமில்லை, ஊராருக்கு வியப்பு, உடன் படித்த ஆண்களுக்கு ஏளனம். பிணத்தை அறுத்துப் படிக்கும் பாடத்தை ஆண்களோடு சேர்ந்து ஒரு பெண் பயில்வது தகாது என்று தடுத்தனர். எல்லோரும் போன பிறகு மாலை நேரத்திலே தனியாக, பிணங்களுக்கு நடுவே நின்று பயின்றார் அந்தப் பெண். 1896-ல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். இத்தாலி நாட்டின் முதற்பெண் மருத்துவர்களில் ஒருவர்.

அதே ஆண்டு பெர்லின் நகரிலே நடந்த பெண்கள் மாநாட்டிற்கு இத்தாலியின் சார்பிலே போனார். எதைப் பற்றிப் பேசினார் தெரியுமா? ஆணுக்கு இணையாக உழைக்கும் பெண்ணுக்கு ஆணுக்கு இணையான கூலி வேண்டும் என்பதைப் பற்றி. குத்தாலத்து நடவுப் பெண்களின் வழக்கு அது. 1896-லேயே அதை எடுத்துப் பேசியிருக்கிறார்!

அவருடைய சொந்த வாழ்விலே ஒரு முள் உண்டு. உடன் பணியாற்றிய மருத்துவர் ஒருவரோடு காதல், மணம் இல்லை, 1898-ல் ஓர் ஆண் குழந்தை. மணமான பெண் பணியை விட்டு வீட்டிலே அமர வேண்டும் என்பது அந்நாளைய விதி. மணமாகாமல் தாயானவளையோ சமுதாயம் தலைநிமிர விடாது. குழந்தை மரியோவை நாட்டுப்புறத்துக் குடும்பமொன்றில் வளர்க்க விட்டார். பதினைந்து வயதை ஒட்டித்தான் மகன் தாயிடம் வந்து சேர்ந்தான். அதன் பின்னும் ஊரறிய மகன் என்று சொல்ல முடியவில்லை. உலகத்துக் குழந்தைகளுக்கெல்லாம் ஆசிரியர் தேடியவர், தன் குழந்தையைத் தன் கையால் வளர்க்க முடியாமற் போனவர். ஒழுக்கம் பேசும் உலகம் ஒரு தாயிடமிருந்து எதைப் பறித்தது என்று பாருங்கள்! பெற்றவரில் ஆணோ அக்காலத்தில் ஒரு நட்டமும் இன்றி வேறொரு பெண்ணை மணந்துகொண்டார்.

1900-ல் ரோமிலே மூளை வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு ஆசிரியர்களைப் பயிற்றும் ஒரு பள்ளியை நடத்தும் பொறுப்பு அவருக்கு வந்தது. பகலெல்லாம் பிள்ளைகளுடன், இரவெல்லாம் குறிப்பேடுகளுடன் உழைத்தார். கற்க முடியாதவை என்று கைவிடப்பட்ட பிள்ளைகளிற் சிலர், மற்றப் பள்ளிப் பிள்ளைகள் எழுதும் தேர்வையே எழுதித் தேறினர். உலகம் அவரைப் பாராட்டிற்று. அவரோ வேறொன்றை எண்ணிக் கவலை கொண்டார். குறையுள்ள பிள்ளைகளே இவ்வளவு தேறினால், குறையற்ற பிள்ளைகள் இதே அளவில் நிற்பானேன்? பள்ளிகள் அவர்களை என்ன செய்துகொண்டிருக்கின்றன?

விடை, சான் லொரென்சோவிலே கிடைத்தது.

ரோம் நகரின் ஏழை உழைப்பாளர் பகுதி அது. கட்டட நிறுவனம் ஒன்று அங்கே பழைய வீடுகளைப் பழுது பார்த்துக் குடிவைத்தது. விடிந்ததும் தாயும் தந்தையும் வேலைக்குப் போய்விடுவர். பள்ளி வயது எட்டாத சிறுசுகள் படிக்கட்டிலே உருண்டு சுவரைக் கிறுக்கிப் பாழாக்கின. அவற்றை ஓரிடத்தில் அடைத்து வைத்தால் சுவராவது பிழைக்கும் என்பதே முதலாளிகளின் கணக்கு. கருணையால் அல்ல, சுண்ணாம்புச் செலவுக்கு அஞ்சித்தான்! அம்மையார் அந்தக் கணக்கைத் தன் கணக்காக மாற்றினார். 1907 சனவரி 6-ஆம் நாள், 50-க்கு மேற்பட்ட பிள்ளைகளுடன் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது.

பெரிய படிப்புப் படித்த ஆசிரியை அங்கே இல்லை. அதே கட்டடத்து வாயிற்காப்போனின் மகள்தான் முதலில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். அவருக்கு அம்மையார் சொல்லிக் கொடுத்த முதற்பாடம், பாடம் நடத்தாதே என்பதுதான். பார். எந்தப் பிள்ளை எதை எடுக்கிறது, எத்தனை முறை செய்கிறது, எங்கே தடுமாறுகிறது என்று பார். உதவி கேட்டால் உதவு, கேளாமல் கைவைக்காதே. பத்து அங்குலப் பிரம்பை நம்பிய உலகிற்கு இது பைத்தியக்காரத்தனமாகப் பட்டிருக்கும்.

அந்த இல்லத்துப் பொறுப்பாளர் அதே கட்டடத்திலே, அதே மக்களிடையே குடியிருக்க வேண்டும். தாய்மார் எப்போது வேண்டுமானாலும் உள்ளே வந்து பார்க்கலாம். கட்டணம் கிடையாது. பிள்ளைக்கு எழுத்துச் சொல்லிக் கொடுங்கள் என்று கேட்டு வந்தவர்களும், எழுதப் படிக்கத் தெரியாத அந்தத் தாய்மார்களே. மூன்று, நான்கு வயதில் எழுத்து எதற்கு என்று அம்மையாரே முதலில் தயங்கினார். அந்தத் தாய்மார்கள் விடவில்லை. மர எழுத்துகள் செய்ய வசதியில்லை. உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி அட்டையில் ஒட்டினார். பிள்ளைகள் அதன்மேல் விரலை ஓட்டி ஒலியைச் சொல்லின. இன்று பணக்காரப் பள்ளிகள் பெருவிலை கொடுத்து வாங்கும் அந்தக் கருவி, வறுமையிலே பிறந்தது தோழர்களே!

ஒரு குளிர்கால நாளிலே மொட்டை மாடியில் பிள்ளைகளுடன் அமர்ந்திருந்தார் அம்மையார். ஐந்து வயதுச் சிறுவனிடம் சுண்ணக்கட்டியைக் கொடுத்து, எதிரே தெரிந்த புகைபோக்கியை வரையச் சொன்னார். வரைந்தான். பிறகு திடீரென்று, எழுத வருகிறது, எழுத வருகிறது என்று கூவித் தரையிலே எழுதினான். அவன் எழுதிய முதற்சொல்லுக்கு அவர்கள் மொழியிலே கை என்று பொருள்.

நம்மவர்க்கு இதில் முழுப் புதுமை இல்லை. நம் திண்ணைப் பள்ளியிலே மணலைப் பரப்பி, பிள்ளை தன் விரலால் எழுதிப் பழகவில்லையா? நெல்லிலே எழுதவில்லையா? இந்த மணலெழுத்தைச் சென்னையிலே கண்டு, 1790-களில் இங்கிலாந்துக்கு எடுத்துப் போனார் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். ஆனால் அதே திண்ணையிலே கோதண்டம் போட்டுப் பிள்ளையைத் தொங்கவிட்ட கொடுமையும் உண்டு. அந்தத் திண்ணையிலே ஏற முடியாத பிள்ளைகள் ஊருக்கு வெளியே நின்றதும் உண்டு. நம் பழம்பெருமை பேசுவோர் மணலைச் சொல்வர், கோதண்டத்தைச் சொல்லார்!

1909-ல் ஏறத்தாழ நூறு ஆசிரியர்களுக்கு முதற்பயிற்சி வகுப்பை நடத்தினார். நூலும் வெளிவந்தது. பிறகு ஐரோப்பா, அமெரிக்கா என்று உலகம் அழைத்தது. 1920-களிலே முசோலினி அவருக்கு ஆதரவு கொடுத்தான், அம்மையார் ஏற்றுக்கொண்டார். இதை நாம் மூடி மறைக்கப் போவதில்லை. பள்ளிகள் பெருகினாற் போதும் என்று எண்ணிச் சர்வாதிகாரியிடம் கைநீட்டியது பிழைதான். ஆனால் கட்டளைக்கு அடிபணியும் பட்டாளத்துப் பிள்ளைகள் வேண்டும் அவனுக்கு. தானாக எண்ணும் பிள்ளைகள் வேண்டும் இவருக்கு. எத்தனை நாள் நிலைக்கும்? 1934-ல் முறிந்தது. இத்தாலியிலே அவர் பள்ளிகள் மூடப்பட்டன. ஹிட்லரின் செர்மனியிலும் அதே கதி. ஸ்பெயினுக்குப் போனார், 1936-ல் உள்நாட்டுப் போர் மூண்டது. ஹாலந்திலே ஒதுங்கினார்.

அங்கிருந்துதான் 1939 நவம்பரில் சென்னைக்கு வந்தார், மகனுடன். அழைத்தவர் அடையாறு பிரம்மஞான சங்கத் தலைவர் ஜார்ஜ் அருண்டேல். அம்மையாருக்கு அப்போது வயது 69.

அடையாறு என்றாலே நம் பெரியவர்களுக்கு அன்னிபெசன்ட் நினைவும், அந்த அம்மையாருக்கும் நீதிக்கட்சிக்கும் நடந்த போரின் நினைவும் வரும். நமக்கும் வருகிறது. ஆயினும் ஆல்காட் துரை 1894-லேயே ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு அங்கே பள்ளி வைத்தார் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

சில மாதம் தங்குவதாகத்தான் வந்தார். ஏறத்தாழ முந்நூறு பேர் நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் முதல் வகுப்பிற்கு வந்து சேர்ந்தனர். ஓலைக் குடிசைகளில் தங்கினர். அம்மையார் இத்தாலி மொழியிலே பேசுவார். மரியோ ஆங்கிலத்திலே சொல்லுவார். மாணவர்கள் எழுதிக்கொள்வர். ஆங்கிலமும் அறியாத ஒரு கிராமத்து ஆசிரியை அங்கே என்ன செய்திருக்க முடியும் என்று நாம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

பயிற்சி எப்படிப்பட்டது? ஒரு சென்டிமீட்டரிலிருந்து பத்து சென்டிமீட்டர் வரை பத்துக் கனசதுரக் கட்டைகள். அடுக்கினால் கோபுரம். இதை அடுக்கக் கற்பதா கல்லூரிப் பாடம் என்று சிரிக்கலாம். அந்த மாணவர் கற்க வேண்டியது அடுக்குவதை அல்ல. குறைந்த சொல்லிலே, நிறுத்தி நிதானமாக, பிள்ளையின் கண் தொடரும் வேகத்திலே செய்து காட்டிவிட்டு விலகுவதை. பிள்ளை தவறாக அடுக்கினால் வாய் திறவாமல் இருப்பதை. கோபுரம் சாய்ந்து, தவறு இன்னது என்று பிள்ளைக்கு அதுவே சொல்லும் வரை காத்திருப்பதை. பொத்தான் போடும் சட்டம், மணிகளால் ஆன பத்து, நூறு, ஆயிரம் என்று ஒவ்வொரு கருவிக்கும் தம் கையாலே குறிப்பேடு எழுதி, படம் வரைந்து வைக்க வேண்டும். குழந்தைகள் நடுவிலே மணிக்கணக்கில் அசையாது அமர்ந்து, கண்டதை மட்டும் எழுத வேண்டும். மேடையிலே மூன்று மணி நேரம் முழங்கும் நமக்கு, அரை மணி நேரம் அப்படி அமரச் சொன்னால் முடியுமா என்பது ஐயமே!

1940 சூனிலே இத்தாலி போரில் இறங்கிற்று. வெள்ளைத் துரைத்தனத்துக்கு அம்மையார் பகைநாட்டவர் ஆகிவிட்டார். முசோலினியே பள்ளிகளை மூடி விரட்டிய பெண்மணியை முசோலினி நாட்டவர் என்று சிறைப்படுத்தியது ஏகாதிபத்தியத்தின் அறிவு! மகனை அகமத்நகர் முகாமுக்குக் கொண்டுபோயினர். தாயை அடையாற்று எல்லைக்குள் நிறுத்தினர். ஆகஸ்ட் 31, அவருடைய எழுபதாம் பிறந்த நாள். அரசப்பிரதிநிதியிடமிருந்து தந்தி வந்தது, பிறந்தநாள் பரிசாக மகனை விடுவிப்பதாக. மருமான் என்றும் வளர்ப்பு மகன் என்றும் நாற்பதாண்டுகள் மறைத்து வைத்த உறவை, ஆளவந்தாரின் தந்தி மகன் என்றே எழுதிவிட்டது. ஊரார் வாய்க்கு அஞ்சிய உறவு வெளிச்சத்திற்கு வந்தது நம் சென்னையிலேதான்.

1942 முதல் 1944 வரை கோடைக்கானல். அங்கே பல வயதுப் பிள்ளைகளை ஒன்றாக வைத்து இலையையும் எறும்பையும் காட்டிப் பாடம் நடத்தினர். பிறகு இலங்கை, அகமதாபாத், கராச்சி என்று வகுப்புகள். 1946-ல் ஐரோப்பா சென்று, 1947-ல் மீண்டும் வந்து, 1949-ல் விடைபெற்றார். ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஆசிரியர்கள் அவரிடம் இங்கே பயின்றனர். 1952 மே 6-ஆம் நாள் ஹாலந்து நாட்டுக் கடற்கரை ஊரொன்றிலே மறைந்தார்.

அவர் மறைந்த மறு ஆண்டு, 1953-ல், இங்கே என்ன நடந்தது என்பது கழகத் தோழர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆச்சாரியார் கொண்டுவந்த புதுக் கல்வித் திட்டம்! பாதி நாள் பள்ளி, மீதி நாள் அப்பன் தொழில். அதைக் குலக்கல்வி என்று நாம் சொன்னோம். எதிர்த்து மறியலுக்குப் போனோம், சிறைக்குப் போனோம். கையால் கற்பது உயர்ந்ததுதானே என்று அன்று வாதாடினர் அத்திட்டத்தின் ஆதரவாளர். கையால் கற்பதை அம்மையாரைவிட உயர்த்திப் பேசியவர் யார்? ஆனால் அவர் பிள்ளையின் கையிலே கட்டையையும் மணியையும் எழுத்தையும் கொடுத்தது, அந்தக் கை எங்கு வேண்டுமானாலும் போகட்டும் என்று. ஆச்சாரியார் திட்டமோ வண்ணான் பிள்ளை கையிலே வெளுக்கும் துணியையும், குயவன் பிள்ளை கையிலே மண்ணையும் கொடுத்தது, அந்தக் கை அங்கேயே நிற்கட்டும் என்று. 1954-ல் காமராசர் முதலமைச்சரானார். திட்டம் குழியிலே போயிற்று.

அடையாற்று விதை எங்கே விழுந்தது? பெரும்பாலும் மதில்களுக்குள்ளே. அது அம்மையாரின் குற்றமன்று. கருவிக்கு விலை அதிகம், பயிற்சிக்குச் செலவு அதிகம், ஆங்கிலம் வேண்டும். வசதியுள்ளவர் வளைத்துக்கொண்டனர். அதை மதிலுக்கு வெளியே இழுத்து வந்தவர்கள் வேறு. குசராத்திலே கிஜுபாய் 1920-லேயே குழந்தைப் பள்ளி கண்டு, ஆசிரியர்களையும் தம் தாய்மொழியிலே பயிற்றினார். அவரோடு பணியாற்றிய தாராபாய் மோடக் என்ற மராட்டியப் பெண்மணி 1945-ல் போர்டி என்ற கிராமத்திற்குப் போனார். ஒடுக்கப்பட்டோர் பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. வராவிட்டால் என்ன, பள்ளி அங்கே போகட்டும் என்று அவர்கள் வீட்டு முற்றத்திலேயே வகுப்பை வைத்தார். கூழாங்கல், விதை, இலை, ஓடு இவையே கருவி. முற்றத்துப் பள்ளி! அதுதான் அங்கன்வாடி என்ற சொல்லின் பொருள்.

1975-ல் இந்திய அரசு அந்தப் பெயரிலே மையங்களைத் தொடங்கிற்று. தமிழ்நாட்டிலே 1982-ல் சத்துணவு பால்வாடிப் பிள்ளைகளுக்கும் வந்தது. வயிற்றுக்குச் சோறு இட்டதில் இந்த மாநிலத்துக்கு முன்னே நிற்போர் இல்லை. 1920-ல் நீதிக்கட்சி சென்னை மாநகராட்சிப் பள்ளியிலே தொடங்கிய வழக்கம் அது. ஆனால் சோற்றை அளந்த அளவுக்கு, பரிமாறும் பெண்ணின் பயிற்சியை நாம் அளந்தோமா? அவருக்குத் தருவது சம்பளமல்ல, மதிப்பூதியம் என்று எழுதி வைத்தது டில்லி. பணிக்கொடை அவருக்கும் உண்டு என்று சொல்ல உச்சநீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது, 2022-ல். கட்டாயக் கல்விச் சட்டம் 2009-ல் வந்தது. உரிமை தொடங்குவதோ ஆறு வயதில். 2019-ல் இங்கே 2381 அங்கன்வாடி மையங்களில் மழலையர் வகுப்புத் தொடங்கி இடைநிலை ஆசிரியர்களை அனுப்பியபோது, அவர்களில் பலர் அதை மேலிருந்து கீழே தள்ளுவதாகக் கருதி நீதிமன்றம் ஏறினர். கல்லூரி முடிய முடியத்தான் ஆசிரியருக்குப் பெருமை, தவழும் பிள்ளையிடம் போகப் போகச் சிறுமை என்ற எண்ணம் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது, பாருங்கள்! 2020-ல் டில்லி வகுத்த கல்விக் கொள்கை, அங்கன்வாடிப் பெண்களுக்கு ஆறு மாதம் அல்லது ஓராண்டுப் பயிற்சி என்கிறது. நல்லதுதான். எப்படி? கைப்பேசி வழியாகவும் தொலைக்காட்சி வழியாகவும். மாதத்தில் ஒரு நாளாவது நேர் வகுப்பு. பிள்ளையின் பக்கத்திலே வாய்மூடி அமர்ந்து பார்ப்பதைக் கைப்பேசி எப்படிக் கற்பிக்கும்?

அன்று குத்தாலத்துப் பக்கம் வயலைக் கடந்து அந்தச் சிற்றூரின் மையத்துக்குள்ளும் எட்டிப் பார்த்தோம். இருபது பிள்ளைகள், ஒரு ஆசிரியை, ஒரு உதவியாளர். சுவரோரம் பழைய நாட்காட்டி அட்டைகளிலே உப்புத்தாளை வெட்டி ஒட்டிய அ, ஆ, இ. எங்கே வாங்கினீர்கள் அம்மா என்றோம். இரும்புக் கடையிலே உப்புத்தாள் வாங்கித் தானே வெட்டியதாகச் சொன்னார். மாண்டிசோரி என்ற பெயர் அவருக்குத் தெரியவில்லை. எங்கோ ஒரு பயிற்சியிலே யாரோ செய்து காட்டினார்களாம்; பிள்ளைகளுக்குப் பிடித்ததால் தொடர்ந்தாராம். இதைப் பற்றியெல்லாம் தமிழிலே எளிதாக ஒரு புத்தகம் இருந்தால் அனுப்புங்கள் ஐயா என்றார்.

தூளிப் பிள்ளையைப் பற்றிக் கேட்டோம். அவருக்குத் தெரிந்திருந்தது. தை பிறந்தால் அதற்கு இரண்டரை வயது. கொண்டுவந்து விடச் சொல்லித் தாயிடம் இரண்டு முறை வீட்டுக்கே போய்ச் சொல்லியாயிற்று என்றார். அக்காள்காரி நான்காம் வகுப்பாம். அறுவடை முடிந்ததும் பள்ளிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறாளாம்.